சார்பற்ற தணிக்கை: ஆளை அழைப்பது முதல் ஓட்டையை அடைப்பது வரை

"வெள்ளிக்கிழமை தளத்தைத் திறந்து வைக்கிறாங்க சார். வியாழக்கிழமைக்குள்ள செக்யூரிட்டி ஆடிட் சர்டிபிகேட் கையில இருக்கணும்."

அரசுத் துறைகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். பேசுகிறவர் நல்ல அதிகாரியாகவே இருப்பார். கோப்போடு மாதக்கணக்கில் அலைந்து, நிதி ஒப்புதல் வாங்கி, வெண்டரைத் துரத்தி, தளத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருப்பார். தேசிய தகவலியல் மையமோ மாநிலத் தரவு மையமோ தணிக்கைச் சான்று இல்லாமல் தளத்தை ஏற்றாது என்று கடைசி வாரத்தில் தெரியவரும். அங்கேதான் தணிக்கை என்பது வாசலில் காட்டும் அனுமதிச் சீட்டாகச் சுருங்கிப் போகிறது.

பாஸ்வேர்டு, பேக்கப், மென்பொருள் புதுப்பிப்பு பற்றியெல்லாம் முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். அவை உண்மையிலேயே நடக்கின்றனவா என்று வெளியாள் ஒருவரை வைத்துப் பார்ப்பது எப்படி என்பதை இங்கே பார்க்கலாம். துறையில் இந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்திருக்கிறதோ அவருக்காகவே எழுதுகிறேன். அவர் கணினி படித்தவராக இருக்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்கத் துணிந்தவராக இருந்தால் போதும்.

யாருடைய ஆள்?

தணிக்கையாளர் யாரென்று முடிவு செய்யும் முன், அவருக்குச் சம்பளம் யார் தருகிறார் என்று பாருங்கள். தளத்தை உருவாக்கும் நிறுவனத்தின் ஒப்பந்தத்திலேயே "பாதுகாப்புத் தணிக்கையும் சேர்த்து" என்று ஒரு வரி எழுதிவிடுவது பரவலான பழக்கம். கோப்பு ஒன்று குறையும், வேலை சுலபம். ஆனால் அந்த ஒரு வரியால், கட்டினவரே தன் சுவரைச் சோதிக்க ஆள் பிடிக்கிறார். அந்த ஆளுக்கு அடுத்த வேலையும் அவரிடமிருந்தே வர வேண்டும். கடுமையாக எழுதினால் அடுத்த முறை அழைப்பு வராது. இதற்கு யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை, ஏற்பாடே அப்படி அமைந்துவிடுகிறது.

ஆகவே தணிக்கைக்குத் தனிப் பணி ஆணை போடுங்கள். பணம் துறையின் கணக்கிலிருந்து நேராகப் போகட்டும். அறிக்கை முதலில் துறைத் தலைவரின் மேசைக்கு வரட்டும், வெண்டருக்கு அதன் பிறகு போகட்டும். வரைவைத் "திருத்தம் சொல்ல" வெண்டருக்கு முதலில் அனுப்பினால், வரிகள் ஒவ்வொன்றாக மென்மையாகும். நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆள் எடுப்பதற்குச் செர்ட்-இன் வெளியிடும் அங்கீகரிக்கப்பட்ட தணிக்கை நிறுவனங்களின் பட்டியல்தான் தொடக்கம். 2004 ஜனவரியில் தொடங்கிய இந்த அமைப்புக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவு பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் தேசிய முகமை என்ற தகுதியைத் தந்திருக்கிறது. பட்டியலில் இருக்கிறார் என்பது வாசலைத் தாண்டும் தகுதி மட்டுமே. உங்கள் தளத்தில் உட்காரப் போகிற இரண்டு பேர் யார், இதற்கு முன் எப்படிப்பட்ட அமைப்புகளைச் சோதித்தார்கள் என்று பெயரோடு கேளுங்கள். நிறுவனத்தின் பெயரில் அனுபவத்தைக் காட்டிவிட்டு, வேலைக்கு நேற்று சேர்ந்த பிள்ளைகளை அனுப்புவதும் நடக்கிறது.

குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்ற விதியோடு போராட முடியாது என்பார்கள். முடியும். ஒப்பந்தப்புள்ளியிலேயே எத்தனை ஆள்-நாள் உழைப்பு வேண்டும், என்ன தகுதி வேண்டும், தானியங்கிக் கருவி ஓட்டுவது போக கையால் செய்யும் சோதனை எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். ஐந்து வகைப் பயனர்கள் நுழையும் ஒரு சேவைத் தளத்தை இரண்டு பேர் இரண்டு வாரம் பார்க்காமல் ஒழுங்காகச் சொல்ல முடியாது என்பது என் அனுபவம். அதை எழுதிவைத்த பிறகு வருகிற குறைந்த விலை, வேலையைச் செய்யக்கூடிய விலையாக இருக்கும்.

எழுத்தில் அனுமதி

தணிக்கையாளர் செய்யப் போவது, அனுமதி இல்லாவிட்டால் குற்றம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளின்படி அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தது நேர்மையற்ற நோக்கத்தோடு என்று கருதப்பட்டால் 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பாதுகாக்கப்பட்ட அமைப்பு என்று அரசிதழில் அறிவிக்கப்பட்டதாக இருந்தால் 70-ஆம் பிரிவு 10 ஆண்டு வரை போகும். எனவே எந்தெந்த முகவரிகள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நேரத்தில், யார் யார் என்று எழுதி, அதிகாரம் உள்ளவர் கையெழுத்துப் போட்ட கடிதம் சோதனை தொடங்கும் முன் அவர்கள் கையில் இருக்க வேண்டும். சர்வர் இன்னொருவர் தரவு மையத்தில் இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும். நள்ளிரவில் ஏதாவது விழுந்தால் யாரைக் கூப்பிடுவது என்று இரு பக்கமும் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி வையுங்கள்.

எதைப் பார்க்கச் சொல்கிறீர்கள்?

தணிக்கை பெரும்பாலும் தோற்பது இங்கேதான். பணி ஆணையில் ஒரே ஒரு இணைய முகவரி இருக்கும். தணிக்கையாளர் அதைப் பார்த்து, சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் எழுதியதில் பொய் ஒன்றும் இருக்காது. ஆனால் அதே தரவுத்தளத்தோடு பேசும் கைபேசிச் செயலி இருக்கும். இ-சேவை மையங்களுக்கென்று தனி நுழைவு இருக்கும். வங்கிக்கு ராத்திரியில் கோப்பு அனுப்பும் நிரல் இருக்கும். வெண்டரின் ஆட்கள் தங்கள் ஊரிலிருந்தே உள்ளே நுழையத் திறந்து வைத்த தொலைவழி இருக்கும். சோதனைக்காக வைத்த இன்னொரு சர்வரில் உண்மையான மக்களின் தரவு அப்படியே நகலெடுத்துக் கிடக்கும். வீட்டின் முன்கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கொல்லைப்புறத்தை மறந்த கதைதான்.

எனவே எல்லை வகுக்கும் முன் ஒரு பட்டியல் எடுங்கள். காகிதத்தில் இருப்பதை நம்பாமல் நடந்து போய் எடுங்கள். ஒரு மாவட்ட அலுவலகத்தில் பட்டியலில் 6 சர்வர் என்று இருந்தது. நானும் அங்கிருந்த கண்காணிப்பாளரும் அறை அறையாகப் போனோம். மாடிப்படிக்குக் கீழே, பழைய பதிவேடுகளுக்கு நடுவில், பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு ஏழாவது ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மேலே தூசி படிந்த துணி. "தம்பி, அதை மட்டும் தொட்டுடாதீங்க. ஒருதரம் நிறுத்தினோம், சம்பளப் பட்டியல் வரலை. அதுல இருந்து அப்படியே விட்டுட்டோம்" என்றார் அவர். அதன் இயங்குதளத்துக்குத் தயாரிப்பாளரின் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்று வருடங்கள் ஆகியிருந்தன. அலுவலகத்தின் எல்லாக் கணினிகளோடும் அது ஒரே வலைப்பின்னலில் இருந்தது. யாரும் சோம்பேறித்தனத்தால் அதை விடவில்லை, நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்ல ஆளில்லாததால் விட்டார்கள். பட்டியலில் இல்லாததை எந்தத் தணிக்கையாளரும் சோதிக்க மாட்டார்.

ஒரே வலைப்பின்னல் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் நடந்த இணையத் தாக்குதலில் நாடே பார்த்தது. ஐந்து சர்வர்கள் பாதிக்கப்பட்டன, சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது, வலைப்பின்னலைச் சரியாகப் பிரித்து வைக்காததே இதற்கு வழி விட்டது என்று அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. நோயாளிகளுக்கு மறுபடி கையால் சீட்டு எழுதினார்கள். அறைக்கு அறை கதவு வைக்காத வீட்டில் ஒரு ஜன்னல் திறந்திருந்தால் போதும். உங்கள் பணி ஆணையில் "வலைப்பின்னல் பிரிப்பும் சோதிக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி இருக்கட்டும்.

இன்னொன்று. தணிக்கை பெரும்பாலும் சோதனைச் சர்வரில் நடக்கும், அது சரியே. ஆனால் சான்று வந்த பிறகு மக்கள் பயன்பாட்டுக்கு ஏற்றப்படும் நிரல், சோதிக்கப்பட்ட அதே நிரல்தானா? தணிக்கை முடிந்த பதிப்பின் ஹாஷ் மதிப்பை அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது, ஓர் எழுத்து மாறினாலும் மதிப்பு மாறிவிடும். ஏற்றும் நாளில் இரண்டையும் ஒப்பிட ஐந்து நிமிடம் ஆகும்.

418

கருவியை ஓட்டினால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இந்தச் சம்பவத்தைச் சொல்கிறேன். ஆதரவற்ற பெண்களுக்கான உதவித்தொகைத் தளம் ஒன்று. எந்தத் துறை, எந்த மாநிலம் என்பது இங்கே வேண்டாம். கருவி ஒரு ராத்திரி முழுக்க ஓடி, பெரிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தது. மறுநாள் பொறுப்பு அதிகாரி மேடமும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சோதனைக்காக ஒரு விண்ணப்பம் போட்டு, என் கணக்கில் நுழைந்து, அதைத் திறந்தேன். மேலே முகவரிப் பட்டையில் விண்ணப்ப எண் தெரிந்தது. கடைசி மூன்று இலக்கம் 417. அதை 418 என்று மாற்றி எண்டர் தட்டினேன்.

வேறொரு பெண்ணின் விண்ணப்பம் வந்தது. அவர் புகைப்படம், ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கணவரின் இறப்புச் சான்றிதழ். 419 போட்டேன், இன்னொருவர். மேடம் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இவங்க எல்லாம் நம்மள நம்பித்தானே கொடுத்தாங்க" என்றார்.

நிரல் எழுதிய இளைஞர் உண்மையான குழப்பத்தோடுதான் கேட்டார்: "நம்பரை மாத்திப் பாக்கணும்னு யாருக்கு சார் தோணும்?" ஒரே ஒருவருக்குத் தோன்றினால் போதும். பிறகு பத்து வரி நிரலை எழுதி, ஒன்றிலிருந்து லட்சம் வரை எண்ணிக்கொண்டே எல்லாவற்றையும் இறக்கிக்கொள்வார். நடந்தது என்னவென்றால், வந்திருப்பவர் லாகின் செய்தவரா என்று தளம் கேட்டது. இந்த விண்ணப்பம் அவருடையதுதானா என்று கேட்கவில்லை. கருவிக்கு இது புரியாது. பக்கம் கேட்டது, பக்கம் வந்தது, அதன் பார்வையில் எல்லாம் ஒழுங்கு. யாருடைய காகிதத்தை யார் பார்க்கலாம் என்ற நியாயம் மனிதருக்குத்தான் தெரியும். ஓவாஸ்ப் அமைப்பு வெளியிட்ட 2021-ஆம் ஆண்டின் இணையச் செயலிக் குறைகள் பட்டியலில் இந்த அணுகல் கட்டுப்பாட்டுக் குறைதான் முதலிடத்தில் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க நீங்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு. விண்ணப்பதாரர், எழுத்தர், வட்டாட்சியர், மாவட்ட அலுவலர் என்று ஒவ்வொரு வகைக்கும் இரண்டிரண்டு சோதனைக் கணக்குகள் கொடுங்கள். ஒருவரின் கணக்கில் இருந்துகொண்டு மற்றவரின் கோப்பைத் திறக்க முடிகிறதா, எழுத்தரின் கணக்கிலிருந்து வட்டாட்சியரின் ஒப்புதல் பொத்தானை அழுத்த முடிகிறதா என்று பார்க்க இவை வேண்டும். ஒற்றைக் கணக்கைக் கொடுத்துவிட்டு இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

அறிக்கையை வாசிப்பது

அறிக்கை தடிமனாக வரும். பக்கங்களைப் பார்த்து அசராதீர்கள். ஒவ்வொரு குறைக்கும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் இருக்கும். 9 அல்லது அதற்கு மேல் என்றால் மிகக் கடுமை. மேலே சொன்ன 418 விவகாரத்துக்கு அந்தக் கணக்கீட்டு முறைப்படி வந்த மதிப்பெண் 6.5, அதாவது நடுத்தரம். கணவரை இழந்த ஆயிரக்கணக்கான பெண்களின் ஆவணங்கள் வெளியே போவது நடுத்தரமா? மதிப்பெண் ஓட்டையின் தொழில்நுட்பத் தன்மையை அளக்கிறது, அதற்குப் பின்னால் யாருடைய வாழ்க்கை இருக்கிறது என்பதை அளப்பதில்லை. அந்த இரண்டாவது அளவை உங்கள் துறைதான் போட வேண்டும். ஒவ்வொரு குறையின் பக்கத்திலும் பேனாவால் எழுதுங்கள்: இது நடந்தால் யாருக்கு, என்ன இழப்பு?

ஒவ்வொரு குறைக்கும் அதைத் திரும்பச் செய்து காட்டும் படிகளும் திரைப்பதிவும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது கருவி கக்கியதை வெட்டி ஒட்டியதாக இருக்கலாம். எதைச் சோதிக்கவில்லை, ஏன் என்ற பகுதியும் இருக்க வேண்டும். அந்தப் பகுதி இல்லாத அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

சோதனையின்போது, ஏற்கெனவே வேறு யாரோ உள்ளே வந்துபோன தடயம் கிடைத்தால், தணிக்கை அங்கேயே நின்றுவிடும். 2022 ஏப்ரல் 28-ஆம் தேதியிட்ட செர்ட்-இன் உத்தரவுப்படி, பாதுகாப்புச் சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். அறிக்கை எழுதி முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பதிவுக் கோப்புகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. இடம் போதவில்லை என்று வாராவாரம் அழிக்கும் துறைகள் உண்டு. வந்தவன் என்ன எடுத்தான் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

சொன்ன பிறகு

அமெரிக்க மத்திய அரசின் பணியாளர் மேலாண்மை அலுவலகத்தில் நடந்ததை, தணிக்கைப் பொறுப்பில் உள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அங்கே தலைமை ஆய்வாளர் என்ற பதவி உண்டு. அதே அலுவலகத்துக்குள் இருந்தாலும் சட்டம் அவரைத் தனித்து நிற்க வைத்திருக்கிறது. அவர் தன் அறிக்கையைத் துறைத் தலைவருக்கு மட்டுமல்ல, நாடாளுமன்றத்துக்கும் கொடுக்கிறார். ஆண்டுதோறும் கணினிப் பாதுகாப்பை மதிப்பிடும்படி 2002-ஆம் ஆண்டின் சட்டம் சொன்னது. தலைமை ஆய்வாளரின் ஆட்கள் செய்தார்கள். 2007 முதலே கடுமையான குறைகள் உண்டு என்று எழுதிவந்தார்கள். 2014 நவம்பரில் வந்த அறிக்கை, 47 முக்கிய அமைப்புகளில் 11 உரிய பாதுகாப்பு ஒப்புதல் இல்லாமலே ஓடுகின்றன என்றது. எத்தனை சர்வர், எத்தனை தரவுத்தளம் என்ற முழுப் பட்டியலே அலுவலகத்திடம் இல்லை என்றது. ஒப்புதல் இல்லாதவற்றை நிறுத்தி வைப்பது பற்றி யோசியுங்கள் என்றும் பரிந்துரைத்தது.

நிறுத்தவில்லை. நிறுத்தினால் வேலை கெடும் என்பதே காரணம். அறிக்கை வந்தபோது ஊடுருவியவர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்தார்கள். ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஊழியருக்குக் கொடுத்திருந்த லாகின் அவர்கள் கையில் இருந்தது. 2015-இல் கணக்குப் பார்த்தபோது, 2 கோடியே 15 லட்சம் பேரின் பின்னணி விசாரணைத் தகவல்கள் போயிருந்தன. குடும்பம், கடன், நோய், வெளிநாட்டு நண்பர்கள் என்று ஒரு மனிதர் அரசிடம் நம்பிச் சொன்னதெல்லாம் அதில் இருந்தது. 56 லட்சம் பேரின் கைரேகைகளும் போயின. பாஸ்வேர்டை மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. ஜூலையில் அலுவலகத்தின் இயக்குநர் பதவி விலகினார்.

தணிக்கையாளர் தன் வேலையைச் செய்திருந்தார். அறிக்கையைக் கையில் வாங்கியவர்களிடம்தான் அது நின்றுபோனது. ஆகவே அறிக்கை கைக்கு வந்த அன்றே அதைக் கோப்பில் கட்டி வைக்காமல் ஒரு பதிவேடு தொடங்குங்கள். ஒவ்வொரு குறைக்கும் சரிசெய்ய வேண்டியவர் பெயர், கடைசித் தேதி, முடிந்ததற்கான சான்று. ஏதாவது ஒன்றைச் சரிசெய்ய முடியாது என்று துறை முடிவெடுத்தால், அந்த முடிவைத் துறைத் தலைவர் தன் கையெழுத்தில், காரணத்தோடு, மறுபடி பார்க்கும் தேதியோடு எழுத வேண்டும். கீழ்நிலை அலுவலர் தலையில் அதைக் கட்டக் கூடாது. கையெழுத்துக் கேட்டுக் கோப்பு மேலே போகும்போது, முடியாது என்று சொன்ன பல குறைகள் சரியாகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

அழைக்காமல் வந்து சொல்பவர்களையும் மதியுங்கள். 2019-இல் சுவிட்சர்லாந்து அஞ்சல் துறை தன் இணைய வாக்களிப்பு முறையின் மூல நிரலைப் பார்வைக்குத் திறந்துவிட்டது. வெளியிலிருந்த மூன்று ஆய்வாளர்கள், வாக்குகளை யாருக்கும் தெரியாமல் மாற்றினாலும் எல்லாம் சரி என்று காட்ட இடம் தரும் குறையைக் கணக்கு நிரூபணத்தில் கண்டுபிடித்தார்கள். அந்த ஆண்டு மே மாத வாக்கெடுப்பில் அந்த முறை பயன்படுத்தப்படவில்லை. உங்கள் தளத்தில் குறை சொல்ல ஒரு மின்னஞ்சல் முகவரி வையுங்கள். அதை ஒருவர் தினமும் படிக்கட்டும். நல்லெண்ணத்தோடு எழுதுகிற கல்லூரி மாணவருக்கு முதல் பதில் காவல் நிலையத்திலிருந்து போகக் கூடாது.

மறுசோதனை

சரிசெய்தாயிற்று என்று வெண்டர் கடிதம் கொடுத்தால் அதை வைத்துக் குறையை மூடாதீர்கள். கண்டுபிடித்தவரே திரும்ப வந்து பார்க்க வேண்டும். அதற்கான நாட்களும் பணமும் முதல் பணி ஆணையிலேயே இருக்கட்டும்.

அந்த உதவித்தொகைத் தளத்துக்குப் பத்து நாள் கழித்துத் திரும்பப் போனேன். 417-ஐ 418 ஆக்கினேன். "அனுமதி இல்லை" என்று வந்தது. நிரல் எழுதிய இளைஞர் முகத்தில் நிம்மதி. பிறகு கைபேசிச் செயலியைத் திறந்து, அது சர்வரிடம் அனுப்பும் கேள்வியைப் பிடித்து, அதே எண்ணை மாற்றி அனுப்பினேன். 418-இன் வங்கிப் புத்தகம் இறங்கியது. இணையப் பக்கத்தில் வைத்த பூட்டைச் செயலிக்கு வைக்க மறந்திருந்தார்கள்.

திறப்பு விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அழைப்பிதழ் அச்சாகியிருந்தது. மேடம் கோப்பை வாங்கி, செயலியின் மறுசோதனை முடியும்வரை தளத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட இயலாது என்று இரண்டு வரி எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு மேலே அனுப்பினார். அடுத்த வாரம் மூன்றாம் முறையாகப் போய்ப் பார்த்தேன். பக்கம், செயலி இரண்டிலும் 418 திறக்கவில்லை. அதற்கு மறுநாள் தளம் திறந்தது.